அப்பாவின் சைக்கிளுக்குக் காற்றடிக்கும் பிள்ளைக்கு என்ன புத்தகம் கொடுக்கலாம்?

வாவிக்கரை எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். இவ்வளவு நாளும் சத்தமில்லாமல் வாசித்துவிட்டுப் போனவள், இன்றைக்குத்தான் எழுதுகிறேன்.

என் தங்கச்சியின் மகளுக்கு 11 வயது, தரம் 6. மாசி மாதம் ஒரு இரவு அவளுடைய அப்பா நெஞ்சு நோகிறது என்று படுத்தார், விடிவதற்குள் போய்விட்டார். 31ஆம் நாளும் முடிந்து சொந்தக்காரர் எல்லாம் கலைந்து போனார்கள். பிள்ளை பள்ளிக்கூடம் போகிறாள், ரியூசன் போகிறாள், போட்டதைச் சாப்பிடுகிறாள். கெட்டிக்காரி, தாங்கிக்கொண்டாள் என்று எல்லாரும் சொல்கிறார்கள்.

ஆனால் ஒவ்வொரு சனிக்கிழமையும் காலையில் பம்பைத் தூக்கிக்கொண்டு வந்து அப்பாவின் சைக்கிளுக்குக் காற்றடிக்கிறாள். இரண்டு சில்லுக்கும். பெருவிரலால் அமுக்கிப் பார்ப்பாள், மறுபடி விறாந்தைச் சுவரில் சாத்தி வைப்பாள். அதை ஓட வீட்டில் ஆளில்லை. தங்கச்சிக்கு ஓடத் தெரியாது, பிள்ளைக்குக் கால் எட்டாது. ஏன் மகள் என்று கேட்டால், "காத்து இறங்கினா ரயர் பழுதாப் போயிரும் பெரியம்மா" என்கிறாள்.

கையில் எது கிடைத்தாலும் வாசிப்பாள். தமிழ் ஓட்டமாக வரும், இங்கிலீஷ் அகராதியை வைத்துக்கொண்டு மெல்ல மெல்ல. அவள் வயதுக்கு ஒரு நாவல் வேண்டும். யாரோ செத்துப்போய், அதற்குப் பிறகும் நாள் விடிகிற கதை. புத்திமதிப் புத்தகம் வேண்டாம், அது வீட்டுக்கு வருகிறவர்களிடமே நிறையக் கிடைக்கிறது.

ஆறாம்வகுப்பு_ரீச்சர் எழுதியது:

உங்கள் பெறாமகளுக்கு என்று வாசிக்காமல், அந்தச் சைக்கிளுக்கு என்றே உங்கள் பதிவை இரண்டு தரம் வாசித்தேன்.

நான் சொல்வது 'இன்சைட் அவுட் அண்ட் பேக் அகெய்ன்'. எழுதியவர் தான்ஹா லாய், வெளிவந்தது 2011. அமெரிக்காவின் தேசிய நூல் விருதை அந்த வருடமே வாங்கியது. ஹா என்று 10 வயதுப் பிள்ளை, மூன்று அண்ணன்மாருக்கு ஒரே தங்கச்சி, வீடு சைகோனில். அப்பா கடற்படையில் இருந்தவர். அவள் கைக்குழந்தையாக இருந்தபோது பிடிபட்டுப் போனார், அதன்பிறகு தகவல் இல்லை. 1975 சித்திரை முடிவில் சைகோன் விழும்போது குடும்பம் கப்பலேறி, கடைசியில் அலபாமாவில் போய் இறங்குகிறது. ஒரு வியட்நாம் புத்தாண்டில் தொடங்கி அடுத்த புத்தாண்டில் முடிகிற கதை.

முழுவதும் வசன கவிதை. பயந்துவிடாதீர்கள், இங்கிலீஷ் இரண்டாம் மொழியாக உள்ள பிள்ளைக்கு அதுதான் வசதி. வரிக்கு நாலைந்து சொல், பக்கத்தில் பாதி வெறுமை. என்னிடம் படித்த இரண்டு பிள்ளைகள், தடித்த இங்கிலீஷ் புத்தகத்தைக் கண்டாலே பையை மூடுகிறவர்கள், இதை ஒரு தவணைக்குள் முடித்தார்கள். புதுப்பள்ளியில் இங்கிலீஷ் சொற்களின் வாலில் வருகிற 'ஸ்' சத்தத்தோடு ஹா போடுகிற சண்டை வரும். அதைக் கேட்டு எங்கள் பிள்ளைகள் சிரித்த சிரிப்பு பக்கத்து வகுப்பு வரை போனது.

புத்தாண்டு விடியலில் வீட்டுத் தரையில் முதலில் ஆண் கால்தான் பட வேண்டும், அதுதான் அதிர்ஷ்டம் என்பது அந்த வீட்டு வழக்கம். ஹா இருட்டோடு எழும்பி, எல்லாருக்கும் முன்னால் தன் கால் பெருவிரலைத் தரையில் தட்டிவிட்டுப் பேசாமல் படுத்துவிடுவாள். தொடக்கமே அதுதான். இந்தப் பிள்ளையை எனக்குத் தெரியுமே என்று உங்கள் பெறாமகள் நினைப்பாள்.

கல்லடிக்காற்று எழுதியது:

ரீச்சர், கோபிக்க வேண்டாம். அப்பா செத்த பிள்ளைக்கு யுத்தம், கப்பல், அகதி முகாம் என்று இன்னொரு மூட்டையைத் தலையில் ஏற்றுகிறோமே? அதுவும் இங்கிலீஷில், அதுவும் கவிதையாக.

எனக்கு ஒரு பழைய சந்தேகமும் உண்டு. துக்கத்தில் இருக்கிற பிள்ளைக்குத் துக்கக் கதை கொடுப்பது யாருக்காக? பிள்ளைக்காகவா, இல்லை அழாத பிள்ளையைப் பார்க்கப் பயப்படுகிற பெரியவர்களுக்காகவா?

மருதூர்_மகள் எழுதியது:

கல்லடியார் கேட்டது நியாயமான கேள்வி. நான் சாய்ந்தமருது. 2004 டிசம்பர் 26, சுனாமி வந்த காலையில் வாப்பா கடற்கரைப் பக்கம் போனவர், மௌத்தாகித்தான் கிடைத்தார். எனக்கு அப்போது 12 வயது. நாட்டிலேயே கூடுதல் உயிர் போனது அம்பாறை மாவட்டத்தில்தான், 10 ஆயிரத்துக்கும் மேல். எங்கள் வகுப்பில் வாப்பா இல்லாத பிள்ளை என்று என்னை யாரும் தனியாகப் பார்க்கவில்லை, அப்படிப் பார்க்க அங்கே ஆள் மிஞ்சவில்லை.

வாவிக்கரை ராத்தா, பெரியவளான பிறகு நான் இந்த மாதிரிப் புத்தகங்களைத் தேடித் தேடி வாசித்தேன். கவனித்த ஒன்றைச் சொல்கிறேன். வெளிநாட்டு நாவல்களில் பெற்றோரில் ஒருவர் இறந்தால் மூன்றாம் அத்தியாயத்தில் பிள்ளை பெட்டி கட்டும். பெத்தம்மா வீடு, புது ஊர், புதுப் பள்ளிக்கூடம், பக்கத்து வீட்டில் ஒரு விசித்திரமான கிழவர், ஒரு நாய். புதிதாகத் தொடங்குவது என்றால் இடம் மாறுவது என்று எழுதுகிறவர்கள் முடிவுகட்டிவிட்டார்கள்.

நம் பக்கத்தில் அப்படியா நடக்கிறது? தமிழரோ நாங்களோ, இந்தக் கிழக்குக் கரையில் வீடு பெண்ணுக்கு. மாப்பிள்ளை வந்து சேர்கிறவர். வாப்பா போனாலும் வீடு உம்மாவுடையது, யாரும் எங்கேயும் போகத் தேவையில்லை. அதுதான் கஷ்டமும். அதே கிணறு, அதே குசினி, வாப்பா சேர்ட் மாட்டின அதே ஆணி. உம்மா இத்தாவில், மாப்பிள்ளை மௌத்தானால் பெண் வீட்டோடு இருக்கிற காலத்தில், இருந்த நாலு மாதம் பத்து நாளும் அந்த ஆணியில் பையோ துவாயோ எதையும் மாட்ட நான் யாரையும் விடவில்லை. உங்கள் பிள்ளையின் சைக்கிள் மாதிரி.

இடம் மாறாமல் புதிதாகத் தொடங்குகிற பிள்ளையின் கதையை எங்கேயாவது யாராவது எழுதியிருந்தால் சொல்லுங்கள், நானும் வாங்குகிறேன்.

நெய்தல்78 எழுதியது:

இடம் மாறினவள் நான். மட்டக்களப்பு நாவலடி. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி, நடுவில் ஒரு துண்டு மணல். அம்மாவும் தம்பியும் அந்தக் காலையோடு சரி. முகாம், மறுகா தற்காலிகக் கொட்டில், மறுகா திராய்மடு. புதுவீடு, புதுப்பாதை, பக்கத்தில் யாரென்று தெரியாத ஆட்கள். கடல் சத்தம் கேட்கவில்லை என்று முதல் மாதம் எனக்கு நித்திரை வரவில்லை. அந்தக் கடலைத்தான் அம்மாவைக் கொண்டுபோனது என்று திட்டிக்கொண்டும் இருந்தேன். இரண்டும் ஒரே ஆள்தான்.

முகாமில் வெளியிலிருந்து சிலர் வந்து எங்களை வட்டமாக இருத்தி, கலர்ப்பெட்டி தந்து, அன்றைக்குக் கண்டதை வரையச் சொன்னார்கள். நான் பக்கத்துப் பிள்ளையைப் பார்த்து அலை வரைந்தேன். கறுப்பில் பெரிய அலை, மேலே ஒரு தென்னை. வரைந்தால் கலர்ப்பெட்டியை வைத்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். படத்தைப் பார்த்து ஒரு அக்கா அழுதா. பெட்டியைத் திரும்ப வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

வேறொரு நாள் வந்த ஒரு பெட்டியில் அட்டை கழன்ற தெனாலிராமன் கதை ஒன்று இருந்தது. அதைத்தான் திரும்பத் திரும்ப வாசித்தேன். ஒரு இடத்தில் சத்தமாகச் சிரித்துவிட்டு, அம்மா செத்த பிறகு சிரித்துவிட்டேனே என்று பாயில் முகத்தைப் புதைத்துக்கொண்டது இன்னும் நினைவிருக்கிறது. அதனால் எந்தப் புத்தகம் கொடுத்தாலும் அதில் சிரிக்க இடம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ரீச்சர் சொன்னதில் இருக்கிறது போலத் தெரிகிறது.

கோடைமழை எழுதியது:

ரீச்சர் சொன்ன புத்தகத்தை மகளுக்கென்று வாங்கி நான்தான் வாசித்தேன். 42 வயதில், படுவான்கரையில் ஒரு மாமரத்துக்குக் கீழே.

எங்கள் அப்பா 1990இல் சந்தைக்கென்று போனவர். அவ்வளவுதான் தெரியும். செத்தார் என்றும் சொல்ல முடியாது, இருக்கிறார் என்றும் சொல்ல முடியாது. திவசம் கொடுக்க ஒரு திதி வேண்டுமே? எங்களுக்கு அது இல்லை. அம்மா பொட்டை அழிக்கவும் இல்லை, வடிவாக வைக்கவும் இல்லை, ஒரு மாதிரிச் சின்னதாக வைத்துக்கொண்டு இருந்தா.

அந்தப் புத்தகத்தில் ஹாவின் அம்மாவுக்கு அப்பா கொடுத்த மோதிரம் ஒன்று இருக்கிறது, ஊதாக்கல் வைத்தது. (முடிவைச் சொல்கிறேன், வேண்டாதவர்கள் இந்தப் பந்தியைத் தாண்டிப் போங்கள்.) கடைசிப் பகுதியில் அந்தக் கல் கழன்று விழுந்து தொலைந்துபோகும். வீடெல்லாம் தேடியும் கிடைக்காது. அதற்குப் பிறகுதான் அந்த மனுசி, அவர் இனி இல்லை என்று பிள்ளைகளிடம் சொல்கிறா. கடிதமோ அதிகாரியோ சொல்லவில்லை, ஒரு கல் சொன்னது. அந்த இடத்தில் புத்தகத்தை மூடி வைத்துவிட்டுப் போய் மாட்டுக்குத் தண்ணீர் காட்டினேன்.

கல்லடியாருக்கு ஒன்று: யுத்தம் அதில் பின்னால்தான் நிற்கிறது. முன்னால் நிற்பது ஒரு பப்பாசி மரம். ஹா விதையை வீசி முளைத்த மரம். காய் பழுக்கமுதல் ஊரைவிட்டு ஓட வேண்டி வருகிறது, அண்ணன் காயை வெட்டிவிடுகிறான். அலபாமாவில் பக்கத்து வீட்டு வாத்தியாரம்மா, தன் மகனை வியட்நாமில் யுத்தத்துக்குக் கொடுத்தவ, நத்தாருக்குக் காய்ந்த பப்பாசித் துண்டு பரிசாகக் கொடுக்கிறா. சீனி போட்டது. ஹா ஒன்றைத் தின்று பார்த்துவிட்டுக் குப்பையில் கொட்டுகிறாள். மறுகா அம்மா அந்தச் சீனியைக் கழுவி, வெந்நீரில் ஊறப்போட்டு வைக்கிறா. அது அந்தப் பழம் இல்லை, ஆனால் தின்னலாம் என்ற அளவுக்கு வருகிறது. அவ்வளவுதான் அந்தப் புத்தகம் கொடுக்கிற ஆறுதல். அதற்கு மேல் ஒரு சொல் கூட்டியிருந்தால் எனக்குப் பிடித்திருக்காது.

தேத்தாத்தீவு_பொடியன் எழுதியது:

'பிரிட்ஜ் டு டெரபித்தியா' யாரும் சொல்லவில்லையே? 1977இல் வந்தது, சிறுவர் நூலுக்கு அமெரிக்காவில் கொடுக்கிற நியூபெரி பதக்கம் வாங்கினது. படமாகவும் இருக்கு.

நெய்தல்78 எழுதியது:

தம்பி, நல்ல புத்தகம்தான். ஆனால் அதில் கூட்டாளிப் பிள்ளை தண்ணீரில் போகிறாள், முக்கால் புத்தகம் விளையாட்டாகப் போய்விட்டுத் திடீரென்று. வாவிக்கரையில் இருக்கிற வீட்டுக்கு அதை எழுதிக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. அவள் 14 வயதில் தானாக எடுத்து வாசிக்கட்டும்.

மண்முனை_வாசகன் எழுதியது:

எல்லாரும் இங்கிலீஷிலேயே நிற்கிறீர்கள். தமிழில் ஓட்டமாக வாசிக்கிற பிள்ளை என்று வாவிக்கரை அக்கா முதல் பதிவிலேயே எழுதியிருக்கிறா. களைத்துப் போயிருக்கிற பிள்ளை அகராதி புரட்டிக்கொண்டா துக்கப்படும்?

'டோட்டோ-சான்' கொடுங்கள். தெட்சுகோ குரோயாநாகி, ஜப்பானில் 1981. தமிழில் நேஷனல் புக் டிரஸ்ட் போட்டிருக்கிறது. முதல் வகுப்பிலேயே பள்ளியைவிட்டு நிறுத்தப்பட்ட சின்னப்பிள்ளை, பழைய ரயில் பெட்டிகளில் வகுப்பு நடக்கிற தோமோயே பள்ளிக்கு வருகிறாள். முதல் நாளே தலைமையாசிரியர் கோபாயாஷி கதிரையை இழுத்துப் போட்டு, உனக்குச் சொல்ல விருப்பமானதெல்லாம் சொல்லு என்கிறார். அவள் நாலு மணித்தியாலம் கதைக்கிறாள், அவர் கொட்டாவி விடாமல் கேட்கிறார்.

இதில் சாவு எங்கே என்று கேட்பீர்கள். யாசுவாக்கி என்று இளம்பிள்ளைவாதம் வந்த பொடியன். டோட்டோ ஏணி வைத்து, இழுத்து, தள்ளி, வியர்த்து விறுவிறுத்து அவனைத் தன் மரத்தில் ஏற்றிவிடுவாள். பின்னால் ஒரு அத்தியாயத்தில் அவன் இறந்துவிடுகிறான். அவளுடைய நாய் ரொக்கியும் ஒரு நாள் காணாமல் போகும். எழுத்துக்காரி எதையும் விளக்கமாட்டா, நடந்ததைச் சொல்லிவிட்டு அடுத்த நாளைத் தொடங்கிவிடுவா. பிள்ளைகள் அப்படித்தான் இருப்பார்கள், ஐந்து நிமிடம் அழுதுவிட்டு மாங்காய்க்குக் கல்லெறியப் போவார்கள்.

முடிவில் 1945 குண்டுவீச்சில் அந்தப் பள்ளிக்கூடம் எரிந்துபோகும். எரிகிறதைப் பார்த்துக்கொண்டே கோபாயாஷி பக்கத்தில் நின்ற மகனிடம், அடுத்து எப்படிப்பட்ட பள்ளிக்கூடம் கட்டுவோம் என்று கேட்கிறார். மருதூர்_மகள் கேட்டதற்கு இது கொஞ்சம் கிட்ட வரும்: எரிந்த இடத்தில் நின்றபடியே தொடங்குகிற ஆள்.

கல்லடிக்காற்று எழுதியது:

அது நாவல் இல்லை, அவவுடைய சொந்தக் கதை. இழையின் கேள்வி நாவல்.

மண்முனை_வாசகன் எழுதியது:

பிள்ளைக்கு அது தெரியப்போவதில்லை, தெரிந்தாலும் உண்மையாக நடந்தது என்று இன்னும் பிடிக்கும். நீங்கள் நூலகத்தில் அலுமாரிக்கு இலக்கம் ஒட்டுகிறவரா அண்ணன்?

மட்டுறுத்துனர் எழுதியது:

இருவரும் அமைதி. கதை முடிவைச் சொல்வதானால் கோடைமழை செய்ததுபோல முன்கூட்டியே எச்சரியுங்கள். மண்முனை, அந்தப் பள்ளி எரிந்ததை எல்லாருக்கும் அவிழ்த்துவிட்டீர்கள்.

ஆறாம்வகுப்பு_ரீச்சர் எழுதியது:

மொழி விசயத்தில் மண்முனை சொன்னது சரி, நான் யோசித்திருக்க வேண்டும். இரண்டையும் வீட்டில் வையுங்கள்.

கொடுக்கிற விதத்தையும் சொல்லிவிடுகிறேன், அதில்தான் நான் ஒரு தரம் பிழைவிட்டேன். தாயை இழந்த ஒரு பிள்ளையை ஓய்வறைக்குக் கூப்பிட்டு, இது உனக்காகவே எழுதின மாதிரி இருக்கு மகள் என்று புத்தகத்தைக் கையில் கொடுத்தேன். வாங்கினாள், அடுத்த நாளே நன்றி ரீச்சர் என்று திருப்பித் தந்தாள். திறக்கவே இல்லை, நான் வைத்த அடையாளக் கடதாசி வைத்த இடத்திலேயே இருந்தது. இப்போதெல்லாம் வகுப்பு அலுமாரியில் மற்றப் புத்தகங்களோடு செருகிவிடுவதோடு சரி. எடுத்தால் எடுக்கட்டும். வாசித்தபிறகு எப்படி இருந்தது என்றும் கேட்பதில்லை.

வாவிக்கரை எழுதியது:

எல்லாரும் எழுதினதைத் தங்கச்சிக்கும் வாசித்துக் காட்டினேன். மருதூர் தங்கச்சி, அந்த ஆணிக் கதையைக் கேட்டுவிட்டு என் தங்கச்சி எழும்பி விறாந்தைக்குப் போய்விட்டாள். கல்லடித் தம்பி, யாருக்காக என்று கேட்டீர்களே, உண்மையைச் சொன்னால் எனக்காகவும்தான். அந்தப் பம்ப் சத்தம் எனக்குத்தான் தாங்க முடியவில்லை.

டோட்டோ-சான் இங்கே கடையில் இருந்தால் யாராவது சொல்லுங்கள். கொழும்புக்குப் போகிற ஆள் இப்போதைக்கு இல்லை.

மண்முனை_வாசகன் எழுதியது:

என்னுடைய பிரதி இருக்கிறது அக்கா. பழையது. தனிமடலில் எழுதுங்கள், ஞாயிறு மட்டக்களப்புப் பக்கம் வருவேன்.

வாவிக்கரை எழுதியது (மூன்று கிழமை கழித்து):

தனிமடலில் கேட்டவர்களுக்காக எழுதுகிறேன். ரீச்சர் சொன்னபடி இரண்டு புத்தகத்தையும் மேசையில் வைத்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. நாலு நாள் அப்படியே கிடந்தது. ஐந்தாம் நாள் டோட்டோ-சானைக் காணவில்லை, அவளுடைய தலையணைக்குக் கீழே இருந்தது.

எந்தப் புத்தகத்திலும் கடைசிப் பக்கத்தைத்தான் முதலில் பார்ப்பாள், எனக்கு அது மறந்துபோனது. குசினிக்கு வந்து, "பள்ளிக்கூடம் எரிஞ்சு போகுது பெரியம்மா, இது தெரிஞ்சுதான் தந்தீங்களா?" என்று கோபமாகக் கேட்டாள். ஓம் என்றேன். "முதல்லயே சொல்லியிருக்கலாம்தானே" என்றாள். ஆனால் புத்தகத்தைத் திருப்பித் தரவில்லை, முன்னாலிருந்து வாசிக்கிறாள். அந்தப் பொடியனின் அத்தியாயத்துக்கு வந்துவிட்டாளா என்று எனக்குத் தெரியாது, கேட்கவும் இல்லை. இங்கிலீஷ் புத்தகம் இன்னும் மேசையில். பப்பாசி வரும் பக்கத்தைத் தங்கச்சி மடித்து வைத்திருக்கிறாள். அவள் எப்போது எடுத்தாள் என்றும் தெரியாது.

சைக்கிள் பற்றியும் கேட்டிருந்தீர்கள். காற்றடிப்பது நிற்கவில்லை. போன சனிக்கிழமை அளவுக்கு மிஞ்சி அடித்துவிட்டாள் போல, ரியூப் டமார் என்று வெடித்தது. நானும் தங்கச்சியும் போட்டது போட்டபடி ஓடிப்போனோம், இனி என்ன நடக்கப்போகுதோ என்று. அவள் பம்பைக் கையில் வைத்துக்கொண்டு எங்களைத்தான் ஒரு மாதிரிப் பார்த்தாள். "பழைய ரியூப்தானே" என்றாள். மறுகா தானே கடைக்கு உருட்டிக்கொண்டு போனாள். கடைக்காரர் இரண்டு இடத்தில் ஒட்டினதாகவும், ஒட்டுக்கு மேல் இனிப் போகாது, புதுசு போடச் சொன்னதாகவும் வந்து சொன்னாள். புது ரியூப் என்ன விலை என்று கேட்டுக்கொண்டும் வந்திருக்கிறாள்.

மண்முனைத் தம்பி, புத்தகம் வர இன்னும் நாளாகும், குறை நினைக்க வேண்டாம்.

மண்முனை_வாசகன் எழுதியது:

அவசரமில்லை அக்கா. கடைசித் தாள் கழன்றிருக்கிறது, அவள்தான் அதை முதலில் புரட்டுகிறவள் என்றால் கொஞ்சம் பசை போட்டு விடுங்கள்.